பெண்பிள்ளைகளின் கத்னா: ஜம்இய்யத்துல் உலமாவின் பத்வாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் தலைமைக்கும் பத்வாக் குழுவின் ஆலிம்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

பெண்பிள்ளைகளுக்குக் கத்னா (பெண்ணுறுப்பில் வெட்டும் அல்லது கீறும் சடங்கு) செய்வது கடமை என்று 2008இல் நீங்கள் கொடுத்த பத்வாவை (மார்க்கத் தீர்ப்பை) மீளப்பெற வேண்டும். பெண்குழந்தையின் உடலில் எந்த வெட்டும், எந்தக் கீறலும், எந்த ஊசிக்குத்தும் வேண்டாம் என்று புதிய தீர்ப்பொன்றை எழுத்தில் தர வேண்டும். இதைக் கேட்கவே இந்த மடல். தாய் சேய் சுகாதாரத்திலும் சிறுவர் பாதுகாப்பிலும் வேலை செய்பவர்கள் நாங்கள். உங்கள் மார்க்க அறிவை மதித்து, உங்கள் மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பள்ளியின்) வரம்புக்குள் நின்றே பேச முயல்கிறோம்.

முதலில் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்தக் காரியம் முழுக்கப் பெண்களின் கையில் நடக்கிறது, அதற்கான தீர்ப்போ ஆண்கள் மட்டும் இருக்கும் சபையில் எழுதப்படுகிறது. பிள்ளை பிறந்து 7ஆம் நாளோ 15ஆம் நாளோ 40ஆம் நாளோ, உம்மும்மா அல்லது மாமியார், கத்னா செய்யும் பெண்ணான ஒஸ்தா மாமிக்குச் சொல்லி அனுப்புகிறார். அறைக் கதவு சாத்தப்படுகிறது. ஒருவர் பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொள்ள, ஒஸ்தா மாமி பிளேட்டாலோ சிறு கத்தியாலோ, பெண்குறியின் உணர்ச்சி முனையான கிளிட்டோரிஸின் மேல் இருக்கும் தோலைக் கீறுகிறார் அல்லது நுனியில் சிறிது வெட்டி எடுக்கிறார். இரத்தம் கசிந்ததைக் கண்டால் காரியம் முடிந்தது. பஞ்சை வைத்து அழுத்துகிறார்கள், துஆ ஓதுகிறார்கள், கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்புகிறார்கள். மரத்துப்போகும் மருந்து கிடையாது. எதை வெட்டினார், எவ்வளவு வெட்டினார் என்று எங்கும் எழுதப்படுவதில்லை. பல வாப்பாமாருக்கு இது நடந்ததே தெரியாது.

இனி அந்த உடலைப் பற்றி. பிறந்த பெண்பிள்ளையின் கிளிட்டோரிஸில் வெளியே தெரியும் பகுதி சில மில்லிமீற்றர் மட்டுமே. அதை மூடியிருக்கும் தோல் அந்த வயதில் முனையோடு ஒட்டியே இருக்கும். பிள்ளை வளர வளரத்தான் அது தானாகப் பிரியும். ஆகவே “மேல்தோலை மட்டும் எடுக்கிறோம், உறுப்பைத் தொடுவதில்லை” என்ற பேச்சுக்கு 40 நாள் பிள்ளையிடம் இடமே இல்லை. பிரியாத இரண்டு படைகளில் மேலுள்ளதை மட்டும் வெட்ட, அறுவைச் சிகிச்சைக்கூடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு நிற்கும் நிபுணருக்கே கை நிதானம் வேண்டும். வீட்டு வெளிச்சத்தில், காலை உதைத்து வீரிட்டு அழும் பிள்ளையிடம், வயது முதிர்ந்த ஒரு மாமியின் கண்ணும் கையும் அதைச் செய்துவிடும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. மேல்தோலை மட்டும் தனியாக நீக்குவது மிக அரிதாகவே நடக்கிறது என்று உலக சுகாதார அமைப்பும் சொல்கிறது. தோல் மட்டும் என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் முனையின் ஒரு பகுதியும் சேர்ந்தே போய்விடுகிறது.

அந்தச் சில மில்லிமீற்றருக்குள் ஓடுவது என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கிளிட்டோரிஸுக்குச் செல்லும் முதுகுப்புற நரம்பில் 10,000க்கும் மேற்பட்ட நரம்பிழைகள் உள்ளன. கூடவே ஒரு நாடியும் செல்கிறது. பிறந்த பிள்ளையின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லிலீற்றர் இரத்தம் இருக்கும் என்று கணக்கு. 3 கிலோ பிள்ளைக்கு மொத்தமே 240 மில்லிலீற்றர்தான். பெரியவருக்கு ஒன்றுமே இல்லாத 25 மில்லிலீற்றர், இந்தப் பிள்ளைக்குப் பத்தில் ஒரு பங்கு இரத்தம். அதிலும் இப்போது கட்டிவிடும் டயப்பர் அந்த அளவை உறிஞ்சிவிடும், வெளியே தெரியாது. பிள்ளை வெளிறி, பால் குடிக்காமல் சோர்ந்த பிறகுதான் வீட்டார் கவனிப்பார்கள். இரத்தம் உறையாத பரம்பரை நோய் இருந்தாலும் 40 நாளைக்குள் அது பெரும்பாலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்காது. முதல் வெட்டுக்காயமே அதைக் காட்டிக்கொடுக்கும் சந்தர்ப்பமாகிவிடலாம்.

பிறகு வருபவை மெதுவாக வருபவை. காயம் ஆறும்போது தோலின் சிறு துணுக்கு உள்ளே புதைந்துகொண்டால் அது வருடக்கணக்கில் வளர்ந்து நீர்க்கட்டி போலாகும். பருவ வயதிலோ கல்யாணத்துக்குப் பிறகோ கட்டி என்று வைத்தியரிடம் வருவார்கள். வெட்டுண்ட நரம்பு நுனி முடிச்சுப் போட்டு வளர்ந்தால் உடுப்பு உராய்ந்தாலே சுள்ளென்று வலிக்கும். அருகருகே இருக்கும் மடிப்புகள் ஒட்டிப்போனால் சிறுநீர் கழிப்பது சிரமமாகும், அடிக்கடி தொற்றும் வரும். சிறுநீர் பட்டு எரிவதால் பிள்ளை அடக்கிக்கொள்வதும் உண்டு. ஒரே பிளேட் பல வீடுகளுக்குப் போனால் ஹெப்படைட்டிஸ் பி போன்றவை கடத்தப்படும் அபாயம் தனி. நம் நாட்டில் தாய்மாருக்குத் தடுப்பூசி போடுவதால் பிறந்த பிள்ளைகளிடையே ஏற்புவலி (டெட்டனஸ்) கிட்டத்தட்ட இல்லாமல் போயிருக்கிறது. இது நம் தாய்மார் சிகிச்சைநிலையங்களின் சாதனை. அந்தப் பாதுகாப்பை நம்பி அழுக்கு பிளேட்டைத் தொடரலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

உள்ளதை உள்ளபடி சொல்கிறோம். ஆபிரிக்காவின் சில பகுதிகளில் உறுப்பை முழுவதும் வெட்டியெடுத்துத் தைத்து மூடும் கொடுமை நம் சமூகத்தில் இல்லை. இங்கே கீறப்பட்ட பல பிள்ளைகளின் உடலில் வளர்ந்த பிறகு அடையாளமே தெரியாமல் போகலாம். “நம்மிடம் நடப்பது அதுவல்ல” என்று உலமாக்கள் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் யாருக்குக் கீறல் மட்டும் விழுந்தது, யாருக்கு முனை போனது என்று எவருக்கும் தெரியாது. பதிவில்லை, பரிசோதனை இல்லை, கேட்டறிவதுமில்லை. வளர்ந்த பெண்ணுக்குத் தன் உடல் வேறு எப்படி இருந்திருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. “யாரும் முறையிடவில்லை” என்பதை “யாருக்கும் பாதிப்பில்லை” என்று வாசிப்பது நியாயமாகாது. 2017இல் பாராளுமன்றத்தின் பெண்கள் விவகாரக் குழுவின் முன் நம் சமூகப் பெண்கள் சிலர் பெயரை வெளியிடாமல் சாட்சியம் அளித்தார்கள். பெயர் சொல்ல முடியாமல் போனதற்கான காரணத்தைச் சபையில் நீங்கள் பேச வேண்டும்.

வீடுகளில் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று சுத்தம். மடிப்பில் சேர்வதைத் தண்ணீர் கழுவிவிடும், அதற்குக் கத்தி வேண்டியதில்லை. மற்றது, பிள்ளை வளர்ந்தால் ஆசை அடங்கியிருக்கும் என்பது. இந்தப் பேச்சையும் “ஒரு பாதிப்பும் இல்லாத சிறு கீறல்தான்” என்ற பேச்சையும் ஒரே வாய் சொல்ல முடியாது. ஆசையை அடக்குமளவுக்கு வெட்டினால் அது பாதிப்பு. பாதிப்பே இல்லையென்றால் ஆசை அடங்கும் என்பது பொய். கற்பும் ஒழுக்கமும் தக்வாவால் வருபவை என்று ஒவ்வொரு ஜும்ஆவிலும் மிம்பரில் நின்று சொல்பவர்கள் நீங்களே.

இப்போது மார்க்க ஆதாரங்களுக்கு வருகிறோம். உங்களுக்கே பாடம் சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை. நீங்கள் அறிந்தவற்றை ஒரே இடத்தில் எடுத்துவைக்கிறோம். குர்ஆனில் பெண் கத்னா பற்றி ஒரு வசனமும் இல்லை. மதீனாவில் கத்னா செய்துவந்த பெண்ணிடம் “அதிகமாக வெட்டாதே” என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக உம்மு அதிய்யா வழியாக வரும் அறிவிப்பை இமாம் அபூதாவூத் பதிவு செய்துவிட்டு, அறிவிப்பாளர்களில் ஒருவர் அறியப்படாதவர், இந்த ஹதீஸ் பலவீனமானது என்று தாமே கீழே எழுதிவைத்திருக்கிறார். “ஆண்களுக்கு சுன்னத் (நபிவழி), பெண்களுக்குச் சிறப்பு” என்று வரும் அறிவிப்பு ஹஜ்ஜாஜ் பின் அர்தாத் வழியாக வருவது. அதன் பலவீனமும் ஹதீஸ் கலையில் தெரிந்த சங்கதி. பித்ராவின் (இயல்பான தூய்மையின்) ஐந்து காரியங்கள் பற்றிய ஹதீஸ் ஸஹீஹானதுதான் (ஆதாரபூர்வமானதுதான்). ஆனால் அதே பட்டியலில் மீசை கத்தரிப்பதும் இருக்கிறது, பட்டியல் முழுவதும் பெண்களுக்குப் பொருந்தாது. உடலுறவில் இரண்டு கத்னா இடங்கள் சந்தித்தால் குளிப்பு கடமை என்ற ஹதீஸ் குளிப்பின் சட்டத்தைச் சொல்ல வந்தது, வெட்டச் சொல்லி ஏவ வந்ததல்ல. நபியவர்கள் தம் மகள்மாருக்கு இதைச் செய்வித்தார்கள் என்று ஆதாரபூர்வமான அறிவிப்பு ஒன்றுமில்லை.

“ஷாஃபிஈ மத்ஹபில் இது வாஜிப் (கடமை), நாம் ஷாஃபிஈக்கள்” என்பதுதான் உங்கள் பத்வாவின் முதுகெலும்பு. இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மத்ஹபின் பிரபலமான கருத்து அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே கருத்தின் இன்னொரு பாதி நம் பள்ளிவாசல்களில் சொல்லப்படுவதே இல்லை. ஷாஃபிஈ அறிஞர் இமாம் நவவி தம் மின்ஹாஜ் நூலில் எழுதியிருப்பதன்படி கத்னா கடமையாவது பருவமடைந்த பிறகுதான். ஏழாம் நாளில் முற்படுத்துவது விரும்பத்தக்கது மட்டுமே, பிள்ளை தாங்கமாட்டாதென்றால் பிற்படுத்த வேண்டும். அப்படியானால் 40 நாள் பிள்ளை மீது எந்தக் கடமையும் இல்லை. அவளைக் கத்திக்குக் கொடுக்காத உம்மா, வாப்பா மீது எந்தப் பாவமும் இல்லை. நம் வீடுகளில் 40ஆம் நாளுக்குள் முடிக்காவிட்டால் பாவம் என்று பெண்களை விரட்டுவதற்கு மத்ஹபிலேயே ஆதாரம் கிடையாது. மேலும், ஆணுக்கு வாஜிப், பெண்ணுக்கு சுன்னத் என்ற கருத்தும், இருவருக்குமே சுன்னத் என்ற கருத்தும் மத்ஹபுக்குள் இருந்ததை நவவி அவர்களே தம் மஜ்மூ நூலில் பதிவு செய்கிறார்கள். ஹனஃபி, மாலிக்கி மத்ஹபுகளில் இது கடமையல்ல. ஒரு பிள்ளையின் உடலைப் பொறுத்த விடயத்தில், மத்ஹபுக்குள்ளேயே இலேசான வழி இருக்கும்போது கடினமானதை மட்டும் பத்வாவாகக் கொடுத்தது ஏன் என்ற கேள்வி நியாயமானது.

“தீங்கிழைப்பதும் இல்லை, பதிலுக்குத் தீங்கிழைப்பதும் இல்லை” என்ற விதி உங்கள் கையில் இருக்கிறது. இதை வைத்தே எகிப்து நகர்ந்தது. 2006 நவம்பரில் கெய்ரோவில் அல்-அஸ்ஹரில் கூடிய மாநாட்டில், அப்போதைய பெரிய முஃப்தி அலீ ஜுமுஆ முன்னிலையில், பெண் கத்னாவுக்கு மார்க்க அடிப்படை இல்லை, அது தீங்கு என்று அறிவித்தார்கள். அடுத்த வருடம் மின்யா மாகாணத்தில் ஒரு சிறுமி கத்னாவின்போது இறந்தபின், அது தடுக்கப்பட்டது என்றே முஃப்தி கூறினார். அவர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர். இந்தோனேசியாவும் ஷாஃபிஈ நாடு. அங்கே 2022இல் ஜெபாராவில் கூடிய பெண் உலமாக்களின் மாநாடு, மருத்துவக் காரணமின்றிப் பெண்ணுறுப்பை வெட்டுவதும் காயப்படுத்துவதும் ஹராம் என்று தீர்ப்புச் சொன்னது. மறுபக்கமும் உண்டு. 2009இல் மலேசியாவின் தேசிய பத்வாக் கவுன்சில் இதை வாஜிப் என்றது, ஆனால் தீங்கு ஏற்படுமானால் தவிர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தீங்கு என்ன என்பதை மேலே எழுதியிருக்கிறோம்.

“அப்படியானால் ஒஸ்தா மாமியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் வைத்தியரே சுத்தமாகச் செய்யட்டும்” என்ற யோசனை நம் படித்தவர்களிடையே உலவுகிறது. நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் பலர். ஆனால் இதை இரண்டு நாடுகள் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டன. எகிப்தில் 1994இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அனுமதித்தார்கள், 1996இல் தடுத்தார்கள், ஆனால் மருத்துவத் தேவை என்ற வாசலைத் திறந்துவைத்தார்கள். விளைவு, வழக்கம் ஒழியாமல் வைத்தியர்களின் கைக்கு மாறியது. 2007இல் இறந்த சிறுமியை வெட்டியவரும் வைத்தியர்தான். அதன் பிறகே அந்த வாசல் மூடப்பட்டது, 2008இல் குற்றமாக்கப்பட்டது. இந்தோனேசியாவில் 2006இல் சுகாதார ஊழியர்கள் செய்யக்கூடாது என்றார்கள். 2008இல் அங்குள்ள உலமா சபை அதை எதிர்த்தது. 2010இல் கிளிட்டோரிஸைக் காயப்படுத்தாமல் மேல்தோலை மட்டும் கீற வேண்டும் என்று முறை வகுத்தே ஒழுங்குவிதி வந்தது. 2014இல் அதை ரத்துச் செய்தார்கள். 2024இல் குழந்தைகளுக்கான பெண் கத்னாவை ஒழிக்க வேண்டும் என்று அரசாங்க ஒழுங்குவிதியிலேயே எழுதிவிட்டார்கள். எழுத்தில் வகுத்த “சிறு கீறல்” கையில் வெட்டாக மாறுவதை அவர்கள் பார்த்தார்கள். வைத்தியரின் கையில் மயக்க மருந்தும் கூரிய கத்தரிக்கோலும் இருக்கும்போது வெட்டு சிறிதாவதில்லை, ஆழமாகிறது. நோயில்லாத பிள்ளையின் உடலில் கத்தி வைப்பது வைத்தியத் தொழிலின் ஒழுக்கத்துக்கும் விரோதம். நம் சுகாதார அமைச்சும் 2018இல் சுற்றுநிருபம் ஒன்றின் மூலம் வைத்தியர்கள் இதைச் செய்வதைத் தடுத்திருக்கிறது. வைத்தியர் வாசல் மூடியது சரியே. ஆனால் பத்வா அப்படியே இருப்பதால் ஒஸ்தா மாமியின் வாசல் இன்னும் திறந்திருக்கிறது.

ஆண்பிள்ளைகளின் கத்னாவை ஏன் கேட்கவில்லை என்று சிலர் எங்களிடம் கேட்பார்கள். அங்கே மார்க்க ஆதாரமும் உம்மத்தின் நடைமுறையும் வேறு, உடற்கூறும் வேறு. அதிலும் வலி நீக்கம், சுத்தம், இரத்த உறைவு பற்றிய கேள்விகள் இருக்கின்றன. அவை தனியாகப் பேசப்பட வேண்டியவை. ஒன்றைப் பேச மற்றது தீரும்வரை காத்திருக்க முடியாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. அதன் 24ஆம் உறுப்புரையின் 3ஆம் பந்தி, பிள்ளைகளின் சுகாதாரத்துக்குக் கேடான பாரம்பரிய வழக்கங்களை ஒழிக்க நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. நம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தரும் நம்பிக்கைச் சுதந்திரம் நிபந்தனையற்றது, ஆனால் மதத்தை நடைமுறையில் வெளிப்படுத்தும் உரிமைக்குப் பொதுச் சுகாதாரம், பிறருடைய உரிமை ஆகிய எல்லைகள் உண்டு. பிள்ளையும் அந்தப் பிறரில் ஒருத்தி. பெண் கத்னாவைப் பெயர் சொல்லித் தடுக்கும் தனிச் சட்டம் இங்கே இல்லை. ஆனால் பராமரிப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு 1995இலிருந்து இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் நம் குடும்பங்கள் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். இரத்தம் வரும்படி கீறுவதும் குற்றத்துக்குள் அடங்கும் என்று அவுஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு தாவூதி போரா என்ற முஸ்லிம் பிரிவைச் சேர்ந்த குடும்பமொன்றைப் பற்றியது. பிரித்தானியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளையை விடுமுறைக்கு இங்கே கூட்டிவந்து செய்வித்தாலும் அங்கே வழக்கு வரும், 14 வருடம் வரை சிறை. பேத்தியின் மேல் பாசத்தில் செய்யும் காரியத்துக்கு மகனோ மகளோ சிறைக்குப் போக நேரும் என்பதை உம்மும்மாமாருக்கு யாரும் சொல்வதில்லை.

உங்கள் தயக்கத்தின் பெரிய காரணம் எங்களுக்குத் தெரியும். 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்தச் சமூகம் பட்ட பாடு சிறிதல்ல. கொரோனாவின்போது நம் ஜனாஸாக்களை (இறந்தோரின் உடல்களை) எரித்தார்கள். 20 நாள் குழந்தையின் உடலையும் விடவில்லை. நம்மைப் பற்றி வாய்ப்பேச்சுக்குக் காத்திருப்பவர்களிடம் இன்னொரு ஆயுதத்தைக் கொடுக்கவா என்ற கேள்வி நேர்மையானது. அதனால்தான் இந்த மடல் பொலிஸுக்கோ வேறெவருக்கோ முதலில் போகாமல் உங்களிடம் வருகிறது. உங்கள் சபை 1924இலிருந்து இந்த மக்களுக்கு வழிகாட்டுகிறது. நீங்களே முன்வந்து நிறுத்தினால் வெளியார் வந்து நிறுத்த வேண்டியதில்லை. நீங்கள் பேசாமலிருந்தால், நம் பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை இல்லாதவர்களே இதைக் கையிலெடுப்பார்கள்.

புதிய தீர்ப்பில் நாங்கள் எதிர்பார்ப்பவை இவை. பருவமடையாத பெண்பிள்ளை மீது கத்னா கடமையில்லை, செய்யாத பெற்றோருக்குப் பாவமில்லை என்பது முதல் வரியில் இருக்க வேண்டும். வெட்டு, கீறல், குத்து, சுரண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும். “மிகையாக வெட்டக்கூடாது” என்று மட்டும் எழுதினால், மிகை எதுவென்பதை மறுபடியும் ஒஸ்தா மாமிதான் தீர்மானிப்பார். இஸ்லாத்தைத் தழுவும் பெண்களிடமும், நிக்காஹுக்கு வரும் பெண்களிடமும் இதைக் கேட்கக் கூடாது என்பதையும் சேர்க்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, ஒவ்வொரு பள்ளிவாசலுக்கும், பெண்கள் மத்ரஸாவுக்கும், காதி நீதிமன்றத்துக்கும் அனுப்புங்கள். மிம்பரில் மட்டும் சொன்னால் போதாது. முடிவெடுக்கும் மாமியார்களும் மூத்தம்மாக்களும் ஜும்ஆவுக்கு வருவதில்லை, அவர்களிடம் ஆலிமாக்கள் போக வேண்டும். தீர்ப்பை எழுதும் அமர்வில் ஆலிமாக்களும் ஒரு பெண் வைத்தியரும் இருக்கட்டும்.

ஒஸ்தா மாமிகளைக் குற்றவாளிகளாக்கி ஒதுக்கிவிடாதீர்கள். பலர் வறிய விதவைகள். பிள்ளைக்குளிப்பாட்டு, தாய்க்குப் பத்தியம், 40ஆம் நாள் முடி இறக்குவது என்று அவர்கள் செய்யும் மற்ற வேலைகளுக்கு மதிப்புண்டு, வருமானமும் உண்டு. கத்தி இல்லாமலே 40ஆம் நாளை நடத்தலாம். துஆ, பெயர் சொல்லல், உறவினர் சாப்பாடு எல்லாம் அப்படியே இருக்கட்டும். பள்ளிவாசலின் ஸகாத் நிதியிலிருந்து இந்தப் பெண்களுக்கு ஒரு தொகை ஒதுக்கினால், கத்னாவுக்குக் கிடைத்த காசு போனதென்று அவர்கள் மறைவில் தொடர வேண்டியதில்லை.

குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளை பிறந்தபின் வீடுகளுக்கு வருகிறார். அவருடைய கடைசி வருகைகளில் ஒன்று 40ஆம் நாளை ஒட்டியே வருகிறது. உங்கள் தீர்ப்பின் பிரதி அவர் கையில் இருந்தால், கத்னா பற்றி அவர் உம்மாவிடம் கேட்கலாம், மாமியாரிடம் காட்டலாம். இன்று அவர் கேட்கத் தயங்குவது, மார்க்க விடயத்தில் தலையிடுவதாகச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தால். உங்கள் முத்திரையுள்ள ஒரு பக்கம் அந்தப் பயத்தைப் போக்கிவிடும். செய்தாகிவிட்ட பிள்ளைக்கு இரத்தம் நிற்காவிட்டாலும், காய்ச்சல் கண்டாலும், சிறுநீர் போகாவிட்டாலும் ஒளிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. அதையும் அடியில் போடுங்கள்.

உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். பத்வாக் குழு அழைத்தால் உடற்கூற்றுப் படங்களோடும் மருத்துவக் குறிப்புகளோடும் வந்து விளக்க நாங்கள் தயார்.

வஸ்ஸலாம்.

தாய் சேய் சுகாதாரத்திலும் சிறுவர் பாதுகாப்பிலும் பணியாற்றும் குழுவினர்